கேள்வி இருக்கட்டும், விடைக்குறிப்பை மாற்றுங்கள்

திருப்புதல் தேர்வுக்குப் பிளஸ் டூ உயிரியல் வினாத்தாள் தயாரித்த ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். நான் உசிலம்பட்டிப் பக்கம் தாவரவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். இப்போதும் சாயங்காலம் ஆனால் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் புத்தகத்தோடு வந்து உட்காருவார்கள். ஃபீஸ் கிடையாது, அதனால் கண்டிப்பும் கொஞ்சம் குறைச்சல். அவர்கள் கொண்டுவந்து காட்டிய வினாத்தாளையும், திருத்திக் கொடுத்த விடைத்தாள்களையும், கைபேசியில் சுற்றிக்கொண்டிருக்கும் உங்கள் விடைக்குறிப்பையும் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்த வாரம் உங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அநேகமாக ஒரே கோரிக்கையோடு இருக்கும். உயிரி-தாவரவியல் பகுதியில் கேட்ட அந்த 5 மார்க் கேள்வி பாடத்திலேயே இல்லை, அதை ரத்து செய்து எல்லோருக்கும் போனஸ் போடுங்கள் என்று. தயவுசெய்து ரத்து செய்யாதீர்கள். போனஸும் வேண்டாம். கேள்வியோடு அனுப்பிய விடைக்குறிப்பை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

கேள்வியைப் பார்க்காதவர்களுக்காக அதை அப்படியே தருகிறேன். "மதுரை வட்டாரத்தில் மல்லிகை, வெற்றிலை, வாழை, கரும்பு ஆகியவை விதையின்றியே பயிராகின்றன. ஒரு கிராமத்தின் மல்லிகைத் தோட்டங்கள் அனைத்தும் ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்தவை எனக் கொள்வோம். அவ்வூருக்குப் புதிய நோய் ஒன்று வருகிறது. என்ன நடக்கும், ஏன்? அச்செடிகள் விதையிலிருந்து வளர்ந்திருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும்? அப்படியானால் விவசாயி ஏன் விதையைத் தேடுவதில்லை? விவாதிக்க."

இதற்கு 'அல்லது' போட்டுக் கொடுத்தது பிணைப்பு பற்றியது, அதாவது ஒரே குரோமோசோமில் உள்ள ஜீன்கள் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போவது. சோதனைக் கலப்பில் 1:1:1:1 வராமல் பெற்றோர் வகைகளே அதிகமாக வந்தால் காரணம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஆக எந்தப் பக்கம் போனாலும் யோசித்தே ஆகவேண்டும். மகரந்தப்பையின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து வரைந்து பழகி வந்த பிள்ளை அந்த இடத்தில் பேனாவை மூடி வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

பாடத்தில் இல்லை என்ற புகார் நிற்காது. உயிரி-தாவரவியல் புத்தகத்தின் முதல் பாடமே இனப்பெருக்கம்தான். போத்து, பதியம், ஒட்டு எல்லாம் அதில் வருகின்றன. இப்படி விதையில்லாமல் நடக்கும் தழைவழிப் பெருக்கத்தில் வரும் செடிகள் மரபில் தாயைப் போலவே இருக்கும் என்பதும் வருகிறது. பாடத்தின் கடைசியில் அச்சடித்த கேள்விகளில் இந்த வாக்கியம் இல்லை, அவ்வளவுதான். மொத்த மதிப்பெண் 1200-லிருந்து 600 ஆன காலத்தில், எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் ப்ளூ பிரிண்ட் முறையையும் எடுத்தார்கள், பாடத்துக்குள் எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார்கள். தாளில் ப்ளூ பிரிண்ட் போய்விட்டது, எங்கள் மண்டையிலிருந்து போகவில்லை. 'இம்பார்ட்டன்ட்' பட்டியல் என்ற பெயரில் அது இன்னும் ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கிறது.

போனஸ் கேட்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தியரியில் 70-க்கு 15 எடுத்தால்தான் பாஸ். அந்த 15-ஐத் தொட முக்கித் திணறும் பிள்ளைக்கு 5 மார்க் என்பது மூன்றில் ஒரு பங்கு. நர்சிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம் என்று போக நினைக்கும் பிள்ளைகளுக்கு உயிரியல் மார்க் நேராகக் கட் ஆஃபில் போய் உட்காரும். நீட் வந்த பிறகு டாக்டர் கனவுக்கு இந்த மார்க் எதுவும் செய்யாமல் போகலாம், மற்றவர்களுக்கு அப்படி இல்லை. எல்லாம் சரி. ஆனால் இது திருப்புதல் தேர்வு. இதன் மார்க் எந்தக் கவுன்சலிங்குக்கும் போகப்போவதில்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு பதற்றம் என்று நண்பர் ஒருவரைக் கேட்டேன். "மீளாய்வுக் கூட்டத்துல சப்ஜெக்ட் ஆவரேஜ் கேப்பாங்க சார்" என்றார். ஆக போனஸ் பிள்ளைகளுக்காகக் கேட்கப்படுவது இல்லை. ஆசிரியரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்களே என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் தெரிந்ததுதான், அதைக் குறை சொல்லவில்லை. அதற்காக ஒரு நல்ல கேள்வியைக் கொன்றுவிட வேண்டாம் என்கிறேன்.

இது எவ்வளவு நல்ல கேள்வி என்று உங்களுக்கே முழுசாகத் தெரியுமா என்ற சந்தேகம் விடைக்குறிப்பைப் பார்த்ததும் எனக்கு வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மல்லிகையைப் பதியன் போட்டோ போத்து வெட்டி நட்டோதான் பெருக்குகிறோம். நம் ஊர்த் தோட்டங்களுக்குக் கன்று பெரும்பாலும் ராமேஸ்வரம் தீவிலிருந்து, தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வருகிறது. அப்படி வேர்விட்ட கிளை, ஒரு செல் தன்னைப் போலவே இரண்டாகும் மைட்டாசிஸ் பகுப்பால் வளர்ந்தது. அதன் ஜீன்கள் தாயின் ஜீன்கள்தான். எப்போதாவது ஒரு மொட்டில் திடீர்மாற்றம் நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆயிரம் செடியும் ஒரே செடியின் நகல். ஆகவே ஒரு செடியிடம் இல்லாத எதிர்ப்புச் சக்தி இன்னொரு செடியிடமும் இருக்காது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்கு கருகியது. ஏழைகள் பயிரிட்டது பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகம், அதுவும் கிழங்கை வெட்டி நட்டுப் பெருக்கியது. ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி வந்ததும் வயல் வயலாக அழுகியது. அடுத்த சில வருடங்களில் பட்டினியாலும் நோயாலும் இறந்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர். (கிழங்கு அழுகியபோதும் அந்த நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தது. அது வரலாறு ஆசிரியரின் பகுதி, நான் உள்ளே போகவில்லை.) அதே ஃபைட்டோப்தோரா பேரினத்தின் உறவுக்காரர்கள்தான் வெற்றிலைக் கொடியின் அடித்தண்டையும் அழுகவைக்கிறார்கள். சோழவந்தான் கொடிக்காலில் அகத்தியைப் பற்றி ஏறும் கொடியும் துண்டு வெட்டி நட்டதுதான். அயர்லாந்துக்கும் சோழவந்தானுக்கும் இடையில் இவ்வளவு நெருக்கம் இருக்கிறது என்று ஒரு வகுப்பில் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சும் நிமிரும்.

வாழைக்கு வருவோம். போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகச் சந்தையில் ஏற்றுமதியான வாழை 'குரோ மிஷேல்' என்ற ரகம். ஃபியூசேரியம் பூஞ்சை உண்டாக்கும் பனாமா வாடல் நோய் அந்தத் தோட்டங்களை அழித்ததால் 1950-களிலும் 60-களிலும் கம்பெனிகள் கேவண்டிஷ் ரகத்துக்கு மாறின. கேவண்டிஷுக்கு அந்த நோயைத் தாங்கும் சக்தி இருந்தது. ஆனால் அதுவும் நகல்தானே. இப்போது டிஆர்4 என்ற புது வகை ஃபியூசேரியம் கேவண்டிஷையே வாடவைக்கிறது, இந்தியாவுக்குள்ளும் வந்துவிட்டது. நம் பக்கத்து கம்பம் பள்ளத்தாக்கில் வரிசை பிடித்து நிற்கும் ஜி9 வாழை இந்தக் கேவண்டிஷ் குடும்பம்தான், திசு வளர்ப்பில் வந்த கன்று. மேலூர் பக்கத்துப் பொங்கல் கரும்பும் கரணை வெட்டி நட்டு வருவது. கரணையில் செவ்வழுகல் நோய் இருந்தால் அது அப்படியே அடுத்த வயலுக்குப் போய்விடும்.

விதை வழியில் வந்திருந்தால் கதை வேறு. பாலணுக்களை உண்டாக்கும் குன்றல் பகுப்பின்போது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம் நடக்கிறது, குரோமோசோம்கள் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து சேர்கின்றன, எந்த மகரந்தம் எந்தச் சூலோடு சேரும் என்று சொல்ல முடியாது. பிறக்கும் செடிகளில் சில சாகும், சில தாங்கும். தாங்கியதை வைத்து ஊர் மறுபடி எழும். அப்படியும் விவசாயி விதையைத் தேடுவதில்லை என்றால், ஒன்று, பயிர்செய்யும் குண்டுமல்லி பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. இரண்டு, விதையில் வந்தால் மொட்டின் கனமும் மணமும் செடிக்குச் செடி மாறும். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த மண்ணோடு சேர்ந்த அதன் தனிக் குணத்துக்காக; அது செடிக்குச் செடி மாறினால் பெயரும் நிற்காது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கூடையில் கைவிட்டுப் பார்க்கும் வியாபாரி ஒரே மாதிரிப் பூவைத்தான் எதிர்பார்க்கிறார். சந்தைக்கு ஒருமை வேண்டும், செடி பிழைக்கப் பன்மை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விவசாயி நிற்கிறார். உங்கள் கேள்வி பிள்ளைகளை அந்த இடத்துக்குக் கூட்டிப் போகிறது. நான் பாடம் எடுத்த காலத்தில் இப்படி ஒரு கேள்வி கைக்குக் கிடைத்திருந்தால் இரண்டு பீரியடு இதிலேயே ஓட்டியிருப்பேன்.

சரி, விடைக்குறிப்பில் என்ன இருக்கிறது? "தழைவழிப் பெருக்கத்தின் நன்மைகள், ஏதேனும் மூன்று: 3 மதிப்பெண். தீமைகள், ஏதேனும் இரண்டு: 2 மதிப்பெண்." அவ்வளவுதான். நீங்கள் கேட்டது விவாதம், மார்க் போடச் சொன்னது பட்டியலுக்கு. நோய் எங்கே? கிராமம் எங்கே? விவசாயி எங்கே? கேள்வியை எழுதியவர் ஒருவர், குறிப்பை எழுதியவர் வேறொருவர் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

விளைவைச் சொல்கிறேன். கேள்வியையே படிக்காமல் 'தழைவழிப் பெருக்கம்' என்ற நினைப்பு வந்ததும் கைடில் இருந்த நன்மை தீமைகளைக் கொட்டிய பையனுக்கு 5-க்கு 5. மல்லிகை என்ற சொல்லே அவன் விடையில் இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன், விளையாட்டின் விதி தெரிந்து விளையாடியிருக்கிறான்.

இன்னொரு விடை. எழுதிய பெண்ணின் வீட்டில் பூத்தோட்டம் இருக்கிறது. "எங்கள் தோட்டத்தில் ஒரு செடி வாடினால் அப்பா பக்கத்துச் செடியையும் சேர்த்துப் பிடுங்கி எரித்துவிடுவார். ஏனென்றால் ரெண்டும் ஒரே செடிதான். ரெண்டு இடத்தில் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறாள். நகல் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக நான் பாடத்தில் சொன்னதில்லை. அவளுக்குக் கிடைத்தது 1. சிவப்பு மையில் 'பாடக் கருத்து இல்லை' என்று எழுதியிருந்தது.

மூன்றாவது ஒரு பையன். "தாய்ச்செடிக்கு அந்த நோயைத் தாங்கும் சக்தி இருந்தால் ஊரில் எல்லாச் செடியும் தப்பிக்கும். இல்லாவிட்டால் எல்லாம் மாட்டும்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில், "ஆனால் மேட்டில் இருக்கும் செடி பிழைக்கலாம், தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் வேர் அழுகும்" என்று சேர்த்திருக்கிறான். இந்த விடையைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். நீங்கள் கொடுத்த கேள்வியில் தாய்ச்செடிக்கு எதிர்ப்பு இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. பெரியவர்கள் நாம் எல்லோரும் அழிந்துவிடும் என்றே எடுத்துக்கொண்டோம். அவன்தான் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறான். குரோ மிஷேல் விழுந்ததும் கேவண்டிஷ் நின்றதும் அவன் முதல் வாக்கியத்துக்குள் இருக்கின்றன, அந்தப் பெயர்களை அவன் கேள்விப்பட்டிருக்கவே மாட்டான். இரண்டாவது வாக்கியமும் சரி. ஜீன் ஒன்றாக இருந்தாலும் சூழல் வேறாக இருந்தால் விளைவு மாறும். ஃபைட்டோப்தோராவின் இயங்குவித்துகள் ஈரத்தில் நீந்தித்தான் அடுத்த வேருக்குப் போகின்றன, மேட்டுச் செடிக்கு அந்த வாய்ப்புக் குறைவு. அவனுக்குப் போட்டது பூஜ்யம். முழு விடையின் மேலும் ஒரு குறுக்குக் கோடு.

இன்னும் ஒருத்தி, மல்லிகை ஏன் விதை தருவதில்லை என்பதற்கு, "விடிகாலையில் மொட்டாகவே பறித்துவிடுகிறோம், மலர்ந்தால்தானே பூச்சி வரும்" என்று எழுதியிருந்தாள். முழுக் காரணம் அது இல்லை, பறிக்காமல் விட்டாலும் பெரும்பாலும் காய் பிடிக்காது. ஆனாலும் மகரந்தச் சேர்க்கை என்பது படத்தில் வரையும் சமாச்சாரம் இல்லை, தன் கை தினமும் தடுத்து நிறுத்தும் ஒன்று என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அரை மார்க்காவது கொடுத்திருக்கலாம்.

இந்த நாலு பேரைவிட என்னை அதிகம் உறுத்துவது ஐந்தாவது பிள்ளை. அவள் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "சார், இது எங்க வீட்ல நடக்கிறதுதான் சார். ஆனா அத பரீட்சையில எழுதலாமான்னு தெரியல" என்றாள். விடை தெரிந்த பிள்ளை அனுமதி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் விடைக்குறிப்பு அவள் சந்தேகத்துக்குப் பதில் சொல்லிவிட்டது: எழுதக் கூடாது.

இனி என் கோரிக்கை. இன்னும் பல பள்ளிகளில் தாள் திருத்தி முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்குள் புதுக் குறிப்பு ஒன்று அனுப்புங்கள். எல்லாச் செடியும் மரபில் ஒன்று என்ற கருத்துக்கு 1, அதனால் நோயைத் தாங்குவதும் தாங்காததும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு 1, விதை வழியில் வேறுபாடு எப்படி வருகிறது என்பதற்கு 1, விவசாயியின் காரணத்துக்கு 1, புத்தகத்திலிருந்தோ சொந்த ஊரிலிருந்தோ ஓர் எடுத்துக்காட்டுக்கு 1. நான் சொல்லும் பங்கீடே வேதம் இல்லை, நீங்கள் உட்கார்ந்து பேசி வேறு மாதிரி பிரித்தாலும் சரி. பட்டியல் எழுதிய பையனுக்கும் இதில் 2 கிடைக்கும், அவன் பட்டினி கிடக்கமாட்டான். அதோடு, பொருத்தமான காரணத்தோடு எழுதிய வேறு விடைக்கும் மார்க் உண்டு என்று ஒரு வரியை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் பத்தாது. எழுத்தில் இல்லாத எதற்கும் மார்க் போட்டு மாட்டிக்கொள்ள எந்த ஆசிரியரும் விரும்பமாட்டார். பதியன், கரணை, தூர், பக்கக்கன்று என்று பிள்ளை வீட்டில் புழங்கும் பெயரில் எழுதியிருந்தாலும் செல்லும் என்று சேர்த்துவிடுங்கள்.

கேள்வியிலும் ஒரு குறை இருக்கிறது. 5 மார்க்குக்குள் நாலு கேள்வியைத் திணித்துவிட்டு எதற்கு எத்தனை என்று பிரிக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் பாதிதான் தாவரவியலுக்கு, அந்த 90 நிமிடத்தில் 35 மார்க்குக்கு எழுத வேண்டும். எதில் எவ்வளவு நேரம் செலவழிப்பது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? (அ), (ஆ), (இ) என்று பிரித்துப் பக்கத்தில் மதிப்பெண்ணைப் போட்டிருந்தால் பாதிப் பேர் பயந்திருக்கமாட்டார்கள். 'அல்லது' பகுதியில் நேரான கேள்வி ஒன்றை வைத்திருந்தால், 15-ஐத் தொடப் போராடும் பிள்ளைக்கும் ஒரு பிடி கிடைத்திருக்கும். யோசிக்கும் கேள்வியை இரண்டு பக்கமும் வைத்தது கொஞ்சம் அதிகம்தான்.

அடுத்த திருப்புதல் தேர்வு வருகிறது. அதிலும் இப்படி ஒரு கேள்வி வையுங்கள், ஒன்றே ஒன்று போதும். விலங்கியலில் கேட்கலாம், வைகைக் கரையில் கேட்கலாம், நாட்டு மாட்டில் கேட்கலாம். குறிப்பை மட்டும் கேள்வி எழுதியவரே எழுதட்டும்.

பக்கத்தைக் காலியாக விட்ட பிள்ளை நாளை சாயங்காலமும் வருவாள். மதுரை மல்லி பற்றி அதே கேள்விக்கு விடை எழுதச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் புதுக் குறிப்பு வந்தால் அதை வைத்துத் திருத்துவேன். வராவிட்டால் என் குறிப்பை வைத்து.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்
உசிலம்பட்டி வட்டாரம்